தமிழ்ப் பக்கம் அமைக்க எந்தப் புத்தகம்?

மேடவாக்கம் கூட்ரோட்டைச் சுற்றியுள்ள டிடிபி கடைகளில் கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்று எல்லாம் தயாராகின்றன. அங்கே வேலை பழக வரும் பிள்ளைகள் பலர் முதலில் வாங்குவது பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0-இன் வழிகாட்டியைத்தான். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலிலேயே பேஜ்மேக்கர் பாடம் இருக்கிறது. ஆனால் 7.0 வெளிவந்தது 2001-இல். அதற்குப் பிறகு புதிய பதிப்பே இல்லை.

பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழோ யூனிகோடு. அதைப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளுக்கு மாற்றிப் போட்டால், எங்கே எந்த எழுத்து கெட்டதென்று மறுபடி வரிக்கு வரி புரூஃப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. பழைய கோப்புகள் கையில் உள்ள கடைக்காரர் பேஜ்மேக்கர் புத்தகம் ஒன்றை வைத்திருக்கட்டும். இன்னொரு பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்பு வரைதான் அந்தக் கோப்புகள் திறக்கும். புதிதாகக் கற்பவருக்குப் பேஜ்மேக்கர் முதல் புத்தகமாக வேண்டாம்.

இன்டிசைன் புத்தகம் வாங்குகிறீர்களா? பின்னால் உள்ள சொல்லடைவில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ இருக்கிறதா என்று பாருங்கள். தமிழை ஒழுங்காக அடுக்குகிற வசதி அதுதான். 2012-இல் சிஎஸ்6-உடன் இந்திய மொழிகளுக்கு வந்தது. அதைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கற்பவர் எழுத்துருவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார். இலவச மென்பொருளான ஸ்கிரைபஸைக் கற்பவர், 1.4 பதிப்பை வைத்து எழுதிய புத்தகத்தைத் தவிர்ப்பது நல்லது. தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் திறன் அதற்குப் பிந்தைய வரிசையில்தான் வந்தது. அந்தத் திறனுள்ள 1.6 வெளியானது 2024 ஜனவரியில்.

அடோபி பிரஸ்ஸின் ‘கிளாஸ்ரூம் இன் எ புக்’ வரிசையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். பயிற்சிக் கோப்புகளோடு பாடம் பாடமாகக் கையைப் பிடித்து நடத்துகிறது. இருந்தாலும் அது ஆங்கிலப் பக்கத்துக்கு எழுதியது. நம் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இருபுறமும் சமன் செய்தால் சொற்களுக்கிடையே ஓட்டை விழும். சொல்லை எங்கே உடைக்கலாம், மெய்யெழுத்தில் வரி தொடங்கலாகாது, மேலே விசிறியும் கீழே சுழியும் உள்ள எழுத்துகளுக்கு வரி இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்பதெல்லாம் அச்சுக்கோத்தவர்களின் விரல் நுனியில் இருந்தது. மென்பொருள் புத்தகங்களில் அதை நான் பார்த்ததில்லை.

ஆகவே மென்பொருளுக்கு ஒரு புத்தகம் போதும். மீதிப் பணத்தைப் பக்க அமைப்புக் கலை பற்றிய புத்தகத்துக்குச் செலவிடுங்கள். ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் 1992-இல் எழுதிய ‘தி எலிமென்ட்ஸ் ஆஃப் டைபோகிராஃபிக் ஸ்டைல்’ ஆங்கிலம்தான். ஓரம், வரி நீளம், வெற்றிடம் பற்றி அது சொல்வது நமக்கும் பொருந்தும். கூடவே மூலம், உரை, அடிக்குறிப்பு மூன்றும் ஒரே பக்கத்தில் உள்ள சங்க இலக்கியப் பதிப்பு ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து, அதே பக்கத்தைத் திரையில் அமைத்துப் பாருங்கள். மேடவாக்கத்துக்குப் பக்கத்திலேயே, பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இருக்கிறது. அதன் வெளியீடுகளிலிருந்தே தொடங்கலாம்.

ஈய எழுத்துக் கோத்த பெரியவர்கள் நம் வாசகர்களிடையே இருக்கிறார்கள். வரி முறிப்பு, இடைவெளி பற்றி உங்கள் அச்சகத்தில் கடைப்பிடித்த விதிகளை எழுதி அனுப்புங்கள். இதழில் தொடராக வெளியிடுவோம்.