காலனியா, தெருவா?

இங்கிலீஷ் படிக்கும் நம்ம பிள்ளைகள் திணறுவது இலக்கணத்தில் மட்டுமில்லை. ஒரே மாதிரி இருக்கிற இரண்டு சொல்லில் எதைப் போடுவது என்பதிலும்தான். வேஜஸா, சேலரியா? ஸ்ட்ரீட்டா, காலனியா? அகராதியைப் பார் என்பார் வாத்தியார். அகராதி பாதிதான் சொல்லும். மீதியைச் சாதி சொல்லும்.

நான் வங்கியில் கிளார்க். வேஜஸ், சேலரி இரண்டுமே உழைப்புக்கு வாங்குகிற காசு. முன்னது நாளுக்கோ வாரத்துக்கோ, பின்னது மாதத்துக்கு என்று அகராதி முடித்துக்கொள்ளும். கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தால்தான் மிச்சம் தெரியும். சேலரிக்காரர் சான்றிதழைக் காட்டினால் கடன் பேச்சு தொடங்கும். வேஜஸ் வாங்குகிற அக்காவுக்குக் காட்டுவதற்குக் காய்ப்புப் பிடித்த கைதான் இருக்கு.

காலனியை எடுத்துக்கொள்வோம். லத்தீனில் 'கொலோனஸ்' என்றால் உழவன். உழவர் குடியேறிய நிலம் 'கொலோனியா'. பிறகு வெள்ளைக்காரன் பிடித்த நாடெல்லாம் காலனி. டவுனில் உத்தியோகஸ்தர்கள் வீடு கட்டிக் குடியிருக்கிற இடமும் காலனி. இங்கே காரைக்குடியில் பர்மா காலனி இருக்கு. அந்தப் பேரை விலாசத்தில் எழுத யாரும் கூசுவதில்லை. பஸ் ஏறிக் கிராமத்துக்குப் போங்கள். ஊர் வேறு, காலனி வேறு. ஆதிதிராவிடருக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகளோடு வந்த பேர், சேரி என்பதற்கு நாகரிகமான மாற்றுச் சொல்லாகிப் போச்சு. "காலனி ஆளா?" என்று ஒருத்தன் கேட்டால் அவன் விலாசமா கேட்கிறான்? உழவனைக் குறித்த சொல்லை, உழுதும் சொந்த நிலமில்லாத சனத்தின் மேல் முத்திரையாகக் குத்தியிருக்கிறார்கள்.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29-இல் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் 1922-லேயே எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு ஆவணங்களில் பழைய பேர்கள் போய் 'ஆதிதிராவிடர்' வந்தது. பேர் மாறிச்சு, ஊரும் சேரியும் ஒன்றாகவில்லையே!

இன்னொரு சொல். ஒதுக்கப்பட்டவனைக் குறிக்க இங்கிலீஷில் 'அவுட்காஸ்ட்' இருக்கு. இருந்தும் 'பரையா' என்று எழுதுகிறார்கள். உலகம் ஒதுக்கிய நாட்டைப் 'பரையா ஸ்டேட்' என்கின்றன பத்திரிகைகள். பறையர் என்ற நம் பேரிலிருந்து எடுத்த சொல் அது. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தலைநிமிர்ந்து தம் பத்திரிகைக்கு வைத்த பேர் 'பறையன்'. ஒரே பேர்தான். அவர் வாயில் அது உரிமை. அவர்கள் வாயில் வசவு.

ஆகவே பிள்ளைகளுக்கு அர்த்தத்தோடு சேர்த்து ஒரு கேள்வியையும் சொல்லிக்கொடுப்போம்: இந்தச் சொல்லை யார், யாரைப் பார்த்துச் சொன்னது? விலாசத்தில் ஸ்ட்ரீட் என்றே எழுது. 'அவுட்காஸ்ட்' போதுமான இடத்தில் 'பரையா' வந்தால் எழுந்து நின்று கேள். அம்மா வாங்குவது வேஜஸ் என்றால் வேஜஸ் என்றே எழுது. அதில் நமக்கு வெட்கமில்லை, குறைத்துக் கொடுக்கிறவனுக்குத்தான் வெட்கம். போர்டில் பேரை மாற்றிவிட்டு அதிகாரி கிளம்பினால் விட்டுவிடாதே. தெருவுக்கு ரோடு எங்கே, சுடுகாட்டுக்குப் பாதை எங்கேன்னு கேளு. தமிழிலும் கேளு, இங்கிலீஷிலும் கேளு.