பெஞ்சில் இருப்பவளும் பிளேயர்தான்!

நம்ம சாஃப்ட்பால் டீமில் 16 பேர் இருக்காங்க. களத்தில் ஆடுவது 9 பேர். மிச்சம் 7 பேர் என்ன செய்றாங்க? தண்ணி பாட்டில் கொடுக்கிறாங்க, கிளவ் அடுக்கி வைக்கிறாங்க, கை தட்டுறாங்க. போன வருஷம் ஆடிய 5 மேட்ச்சிலும் இதே கதைதான். அதில் 2 அக்காக்கள் ஒரு பந்தைக்கூடத் தொடாமலே பிளஸ் டூ முடிச்சுப் போயிட்டாங்க.

ஏன்னு கேட்டால், "நல்லா ஆடுறவளை வெளியே எடுத்தா மேட்ச் போயிடும்" என்கிறார்கள். ரூல் தெரிந்தால் இப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பது என் கருத்து.

டி.வி.யில் ஃபுட்பால் பார்த்துப் பார்த்து, வெளியே போனவர் திரும்ப வர முடியாதுன்னு நாம நினைச்சுக்கிட்டோம். சாஃப்ட்பாலுக்கு அண்ணன் மாதிரியான பேஸ்பாலிலும் வர முடியாதுதான். ஆனால் சாஃப்ட்பாலில், முதலில் இறங்கிய பிளேயர் வெளியே போய், ஒரு தடவை திரும்ப உள்ளே வரலாம்! பேட்டிங் ஆர்டரில் அவளுடைய பழைய இடத்துக்கே வரணும், அவ்வளவுதான். 4-வதாக இருந்தவள் 7-வதாக வர முடியாது. அவளும் அவளுக்குப் பதில் வந்தவளும் ஒரே நேரத்தில் ஆட முடியாது. பதில் வந்தவள் வெளியே போனால் அந்த மேட்ச்சில் மறுபடி வர முடியாது.

பேட்டிங் ஆர்டர் விஷயத்திலும் பல பேருக்குக் குழப்பம். கிரிக்கெட் மாதிரி நடுவில் "நீ போ, நீ இரு" என்று மாத்த முடியாது. எழுதிக் கொடுத்த வரிசை கடைசி வரை அதேதான். 3 அவுட் ஆகி அடுத்த இன்னிங்ஸ் வந்தால் முதல் ஆளிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, கடைசியாக பேட் செய்து முடித்தவளுக்கு அடுத்தவள்தான் வரணும். வரிசை தவறி ஒருத்தி பேட் செய்து முடித்து, அடுத்த பந்து போடுவதற்குள் எதிர் டீம் அம்பயரிடம் சொல்லிட்டால், வந்திருக்க வேண்டியவள் அவுட். அந்த அடியில் வந்த ரன்னும் போச்சு. பாவம், பேட்டைத் தொடாமலே அவுட்!

இப்போ என் யோசனை. 4-வது இடத்து அக்கா பேட் செய்து முடித்ததும் அவரை உட்கார வைத்து, பெஞ்சில் இருப்பவளை இறக்கலாம். அந்த இடம் மறுபடி வருவதற்கு நடுவில் 8 பேர் பேட் செய்யணும். அதுவரை புதுசா வந்தவள் ரைட் ஃபீல்டில் நிக்கட்டும். ஃபீல்டிங் இடத்தை எப்போ வேணும்னாலும் மாத்திக்கலாம், அதுக்குத் தடையில்லை. மேட்ச் நெருக்கடியாக இருந்தால், முறை வரும் முன் அக்காவைத் திரும்பக் கூப்பிடலாம். நாம முன்னாடி இருந்தால் புதியவளே பேட் பிடிக்கட்டுமே!

"ஒரு தடவைதானே வரலாம், கடைசிக்கு வச்சுக்கணும்" என்று கேப்டன் சொல்லலாம். ஃபைனல் என்றால் நானும் ஒத்துக்கறேன். பிட்சரையும் கேட்சரையும் மாத்தச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த ஒரு தடவை, முதலில் இறங்கிய 9 பேருக்கும் தனித்தனியாக உண்டு. 9 ரன் முன்னாடி இருக்கும்போது எதுக்கு இந்தச் சேமிப்பு? அது என்ன உண்டியலா?

(டி.பி., ஃப்ளெக்ஸ் என்று 10 பேர் ஆடும் முறையும் இருக்கு. அது தனிக் கதை. இதழில் இடம் கொடுத்தால் அடுத்த மாசம் எழுதறேன்.)

பி.டி. மிஸ்ஸுக்கும் கேப்டன் அக்காவுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் முதல் மேட்ச்சிலேயே ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் 2 பேரையாவது இறக்குங்கள். இறக்கும்போது அம்பயரிடம் சொல்லிட்டு இறக்குங்கள். ஸ்கோர் நோட்டு என்கிட்டதான் இருக்கு, யாருக்கு எந்த இடம் என்பதை நான் பார்த்துக்கறேன்.

– டீம் ஸ்கோரர், 11-ஆம் வகுப்பு 'பி' பிரிவு