பேர் சொன்னவளுக்குப் பேர் இல்லை

"செடி கொடி பாக்கறதெல்லாம் காசு இருக்கிறவன் பொழுதுபோக்கு தோழர். நமக்கு நிலப் பிரச்சினை இருக்கு, கூலிப் பிரச்சினை இருக்கு."

திருவொற்றியூரில் ஒரு கூட்டம். எண்ணூர்க் கழியில் முளைக்கிற செடிகளுக்கு நம்ம சனங்க வைத்திருக்கும் பேர்களை எழுதி, இணையத்தில் செடி அடையாளம் காட்டும் தளங்களில் ஏற்ற வேண்டும் என்று நான் சொன்னபோது ஒரு தோழர் இப்படிச் சொல்லிச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இது. செடியின் பேர் நிலப் பிரச்சினை இல்லை என்று யார் சொன்னது?

எங்க ஆயாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். ஆயாவுக்குக் கைநாட்டுதான். கழியில் இறங்கி, கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிப்பாள். கரையேறும்போது மடியில் கீரை இருக்கும், தலையில் விறகு இருக்கும். நான் பள்ளிக்கூடம் போகாத நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள்.

"இது இன்னா ஆயா?"

"உமரிடா. அத்தப் பாரு, எலயே இல்லாம கணுகணுவா கீது, அது வேற. எல கீறதத்தான் கிள்ளணும். ரெண்டு தபா வேகவெச்சி தண்ணிய ஊத்திடணும். உப்பு போடாத, அதுலயே கீது."

இலை உள்ளதைச் சுவேடா என்றும், கணுகணுவாக இருப்பதைச் சாலிகோர்னியா என்றும் தாவரவியல் பிரிக்கிறது. எங்க ஆயா பிரித்ததும் அப்படித்தான். அலையாத்தி இலையின் மேல் உப்புப் பூத்திருப்பதை நக்கிக் காட்டி, "மரம் வேர்க்குதுடா" என்பாள். அலையாத்தி உப்பை இலைவழியாக வெளியேற்றுகிறது என்று பின்னாளில் பாடப்புத்தகத்தில் படித்தேன். ஒருத்தி சொன்னால் அனுபவம், இன்னொருத்தன் எழுதினால் அறிவு. இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

எம்.ஏ. தமிழ் படிக்கப் போனேன். நெய்தல் திணை. அடும்பு வந்தது. "அது ஒருவகைக் கடற்கரைக் கொடி" என்று சொல்லிவிட்டு வாத்தியார் அடுத்த வரிக்குப் போனார். நான் எழுந்து, "எங்க ஊர்ல இருக்கு சார். ஆட்டுக் குளம்பு மாதிரி ரெண்டா பிளந்த இலை, ஊதாப் பூ, அடப்பங்கொடின்னு சொல்லுவோம்" என்றேன். "எந்த ஊர்?" "எண்ணூர்." வகுப்பே சிரித்தது. சங்க இலக்கியத்தில் இருந்தால் அது தமிழர் பெருமை. எண்ணூர் மணலில் இருந்தால் அது களை. இலக்கியத்தின் நெய்தலில் அடும்புக்கும் புன்னைக்கும் இடம் உண்டு. ஆனால் தாழையைப் பேரிலேயே வைத்திருக்கும் தாழங்குப்பத்துப் பிள்ளைக்கு அந்த வகுப்பில் இடம் இருந்ததா?

இது இன்றைக்கு நேற்று நடப்பதல்ல. 1690களில் புனித ஜார்ஜ் கோட்டையில் சாமுவேல் பிரவுன் என்று ஒரு கும்பினி வைத்தியர் இருந்தார். சென்னையைச் சுற்றியிருந்த செடிகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார். ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக்கடைக்காரர் அவற்றை ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். செடிகளின் தமிழ்ப்பேர்களையும் 'மலபார்' பேர்கள் என்று சேர்த்துப் போட்டார். அனுப்பியவர் பேர் இருக்கிறது, அச்சிட்டவர் பேர் இருக்கிறது. ஒவ்வொரு செடியையும் காட்டி "இதுக்கு இதான் பேரு" என்று சொன்ன ஆளின் பேர் எங்கே? அந்த வைத்தியருக்குக் கனவிலா வந்தது தமிழ்?

அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லாதீர்கள். அதற்கும் முன்னாலேயே கேரளத்தில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலில், செடிகளைச் சொன்ன ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் சாட்சியம் அவர் பேரோடு, அவர் எழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. அதனால்தான் முந்நூறு வருஷம் கழித்தும் ஈழவர்கள் "இது எங்கள் அறிவு" என்று உரிமை கோர முடிகிறது. காடுமேடு ஏறி அந்தச் செடிகளைப் பறித்து வந்த கூலியாட்களின் பேர் அந்த நூலிலும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது இணையத்துக்கு வருவோம். இஃபுளோரா ஆஃப் இந்தியா 2007இலிருந்து இருக்கிறது. இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல், ஐநேச்சுரலிஸ்ட் இரண்டும் 2008இல் வந்தவை. நான் இவற்றுக்கு எதிரியல்ல. ஒரு காலத்தில் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலைப் பார்க்க நூலக வாசலில் சிபாரிசோடு நிற்கவேண்டும். இன்றைக்குப் போன் இருந்தால் எண்ணூர்ப் பையன் படம் எடுத்துப் போட்டுக் கேட்கலாம். ஐநேச்சுரலிஸ்டில் படம், தேதி, இடம் மூன்றும் இருந்து, பார்க்கிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனப்பேரைச் சொன்னால் அந்தப் பதிவுக்கு ஆய்வுத்தரம் என்று முத்திரை விழுகிறது. பேராசிரியர் பட்டம் கேட்பதில்லை. நல்ல விஷயம்.

ஆனால் படம் எடுத்தவர் பேர் நிற்கிறது, லத்தீன் பேர் சொன்னவர் பேர் நிற்கிறது. உள்ளூர்ப் பேரையும் பயனையும் யார் சொன்னது என்று கட்டாயமாகக் கேட்கும் கட்டம் நான் பார்த்த எந்தத் தளத்திலும் இல்லை. போன வருஷம் கழியோரம் நின்று உமரியை ஒரு செயலியில் படம் பிடித்தேன். லத்தீன் வந்தது, இங்கிலீஷ் வந்தது. தமிழ்ப்பேர் இடம் காலி. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பேரை எடுத்துக்கொண்டு ஆளை விட்டான். இப்போது பேரே போய்விட்டது.

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? சட்டத்தைப் பாருங்கள். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், செடியையும் அதைப் பற்றிய அறிவையும் எடுத்துப் பிழைக்கிறவன் அந்த மக்களுக்குப் பங்கு தரவேண்டும் என்றது. 2023இல் திருத்தினார்கள். நூலில் ஏறிய மரபறிவைப் பயன்படுத்துவதற்குப் பங்கு தரத் தேவையில்லை என்று விலக்கு கொடுத்தார்கள். புத்தகத்துக்குள் போய்விட்டால் அது எல்லாருக்கும் பொது. புத்தகத்துக்கு வெளியே இருந்தால் அதற்குச் சாட்சி கிடையாது. வாயால் சொன்னவளுக்கு இரண்டு பக்கமும் கதவடைப்பு.

அதே சட்டம் ஊர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதச் சொல்லியிருக்கிறது. வருஷக்கணக்கில் தூங்கினார்கள். 2020 ஜனவரிக்குள் முடிக்கவேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததும், நாடு முழுக்கச் சில ஆயிரமாக இருந்த பதிவேடுகள் இரண்டு லட்சத்தைத் தாண்டின. அத்தனையையும் சேரியிலும் குப்பத்திலும் உட்கார்ந்து கேட்டா எழுதியிருப்பார்கள்? உங்கள் ஊர்ப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். உங்க ஆயா பேர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

நிலத்துக்கு வருகிறேன். 1996இல் ஒப்புதலான கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழி பாதுகாக்கப்பட்ட பகுதி. 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைத்த இன்னொரு வரைபடத்தில் கழியையே காணோம் என்பதைச் செயல்பாட்டாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கதை 2022இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பாகவே வந்திருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் அலையாத்தியின் மேல் கருப்பாகப் படிந்தது. வாளியும் மக்கும் எடுத்துக்கொண்டு அதை அள்ளியவர்கள் குப்பத்து மீனவர்கள்.

ஒரு நிலத்தை எடுக்கவேண்டுமென்றால் முதலில் அதை வெறும் நிலம் என்று எழுதவேண்டும். புறம்போக்கு, தரிசு, முள்காடு. மனுசனைத் திட்டவும் அதே புறம்போக்குதான். அங்கே இன்ன தேதியில், இன்ன இடத்தில், உமரி இருந்தது, அலையாத்தி இருந்தது, அதைக் கிள்ளித் தின்ற சனம் இருந்தது என்று படத்தோடு பதிவு இருந்தால், வெறும் நிலம் என்று எழுதுகிற கை கொஞ்சமாவது தயங்கும். நாளைக்கு வழக்கு நடந்தால் அதுவே சாட்சி. சிரித்த தோழரே, இப்போது சொல்லுங்கள், இது பொழுதுபோக்கா?

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். செங்கல்பட்டுப் பக்கம் தண்டரையில் இருளர் பெண்கள் 1986இல் தங்களுக்கென்று சங்கம் வைத்து, மூலிகைத் தோட்டமும் நாற்றுப்பண்ணையும் தங்கள் பொறுப்பிலேயே நடத்துகிறார்கள். அறிவு அவர்களுடையது, சங்கமும் அவர்களுடையது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் ஆயாவை, அத்தையைக் கேளுங்கள். அவர்கள் சொன்ன பேரை, அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். அகராதி பார்த்துத் திருத்தாதீர்கள். ஒரே செடிக்கு மூன்று பேர் வந்தால் மூன்றையும் எழுதுங்கள். படத்தை ஏற்றும்போது குறிப்பு எழுத இருக்கிற இடத்தில், அவர்கள் சம்மதித்தால் மட்டும், சொன்னவர் பேரையும் ஊரையும் போடுங்கள். மருந்துச் செய்தி என்றால் அவர்களைக் கேட்காமல் ஒரு வரிகூட வெளியே விடாதீர்கள். தளம் நடத்துகிறவர்களிடம், சொன்னவர் பேருக்கு ஒரு கட்டம் வை என்று விடாமல் கேளுங்கள்.

எங்க ஆயா செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. அவள் சொன்னதில் எனக்கு ஞாபகம் இருப்பது பத்துப் பன்னிரண்டு செடிதான். மிச்சத்தை நான் கேட்டுவைக்கவில்லை. அந்த நாளில் எனக்கும் அது படிப்பாகத் தெரியவில்லை.