பஸ் படி கொஞ்சம் இறங்கி வரட்டும்!

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் வேண்டாம் என்று 2021 மே மாதம் தமிழக அரசு அறிவித்ததும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். (சாதாரணக் கட்டண பஸ்களில் மட்டும்தான். அவசரத்தில் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டு முழிக்காதீர்கள்!) என் மாமியார் மட்டும், "காசு வேண்டாம்னுட்டாங்க, சரி. என்னைத் தூக்கி யாரு ஏத்தி விடுவா?" என்றார்.

நியாயமான கேள்விதானே! இடுப்பில் குழந்தை, ஒரு கையில் பை, இன்னொரு கையில் புடவைக் கொசுவம். முதல் படியோ முழங்கால் உயரத்தில். கர்ப்பிணிகள் பாடு கேட்கவே வேண்டாம். குழந்தைக்குத் தடுப்பூசி போட, மூட்டு வலிக்கு டாக்டரைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் ஆட்டோதான். இலவச பஸ் கண்ணெதிரே போக, நாம் ஆட்டோவுக்குக் காசு எண்ணுகிறோம்.

நம் ஊரில் பஸ் ஏன் இவ்வளவு உயரம் தெரியுமா? காலங்காலமாக லாரியின் அடிச்சட்டத்தின் மேலேயே பஸ் கூட்டைக் கட்டி வந்தார்கள். சரக்குக்கு உயரம் பரவாயில்லை, மனுஷாளுக்கு?

2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தள பஸ்கள் ஓட ஆரம்பித்தன. வாசலில் படியே கிடையாது. தளம் தரையிலிருந்து சுமார் 400 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அடிக்குச் சற்று மேல். நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இன்னும் கொஞ்சம் தாழவும் செய்யும். ஆனால் நடைபாதையை ஒட்டி நின்றால்தானே பலன்? பஸ் நிற்க வேண்டிய இடத்தில் ஆட்டோவும் வண்டிக்கடையும் இருந்தால், பஸ் நடுரோட்டில் நிற்கும். நாம் ரோட்டில் இறங்கி மறுபடி ஏற வேண்டியதுதான்.

பிரேசில் நாட்டில் குரிடீபா என்று ஒரு நகரம். பஸ்ஸுக்கென்றே தனிப் பாதையை 1974-லேயே போட்டுவிட்டார்கள். 1991-ல் கண்ணாடிக் குழாய் போன்ற பஸ் நிறுத்தங்களைக் கட்டினார்கள். டிக்கெட்டை நுழையும்போதே வாங்கிவிட வேண்டும். உள்ளே நிறுத்தத்தின் தரையும் பஸ்ஸின் தரையும் ஒரே மட்டம். பஸ் வந்ததும் வாசலிலிருந்து ஒரு பலகை விரியும். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகிற மாதிரி நடந்து போகலாம். பாதாள ரயில் கட்டுகிற செலவில் சிறு பங்குதான் இதற்கு!

உங்கள் பேட்டை நிறுத்தத்தில் பஸ் ஓரமாக நிற்க இடமிருக்கிறதா, பாருங்கள். இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து கவுன்சிலரிடம் மனு கொடுங்கள்.

அதுவரை முழங்கால் வலிக்காரர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்த பிறகே காலைத் தூக்குங்கள். ஏறும்போது வலியில்லாத கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.