பெரிய துளை, பெரிய சத்தமா?

அனந்த சதுர்த்தசியன்று புனேயின் லட்சுமி சாலையில் நிற்க இடம் கிடைப்பதே அதிர்ஷ்டம். கஸ்பா கணபதிக்கு முதல் மரியாதை. மற்றவர்கள் பின்னால். டோல்-தாஷா முழக்கத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. இடையே பிரபாத் பேண்ட் போன்ற ஒரு பழைய குழு வந்தால் மட்டும், காதில் விழாமல் நேராக வயிற்றில் வந்து மோதும் ஒரு ஒலி உண்டு. அதுதான் பாஸ். பித்தளை மலைப்பாம்பை அணைத்துக்கொண்டு நடக்கும் அந்த மனிதரை யாரும் போட்டோ எடுப்பதில்லை. ரூபாய் நோட்டு டிரம்பெட்காரருக்குத்தான்.

அவர் புதிதாக ஒரு ட்யூபா வாங்கப் போனால் காதில் விழும் முதல் சிபாரிசு இது: "வால்வின் துளை பெரிசு. சத்தமும் பெரிசு." பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்கு அவர் தன் மூச்சைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ட்யூபா ராணுவத்தின் பிள்ளை. பித்தளை வாத்தியங்களுக்கான வால்வுக்கு ஸ்டோல்செல், ப்ளூமெல் என்ற இரு ஜெர்மானியர்கள் பிரஷ்யாவில் காப்புரிமை வாங்கியது 1818-ல். ராணுவ பேண்ட் தலைவர் வீப்ரெக்டும் வாத்தியம் செய்யும் மோரிட்ஸும் பெர்லினில் ட்யூபாவுக்கு உரிமை பெற்றது 1835-ல். பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகளோடு பேண்ட் வாத்தியங்கள் புனே, கட்கி கன்டோன்மெண்டுகளுக்கு வந்தன. அங்கிருந்து கல்யாண ஊர்வலத்துக்கும் கணபதி ஊர்வலத்துக்கும் இறங்கின. இன்று இந்திய பேண்டுகளின் வாத்தியங்கள் பெரும்பாலும் மீரட்டிலிருந்து வருகின்றன.

பெரிய பி-பிளாட் ட்யூபாவின் குழாயை நிமிர்த்தி நீட்டினால் சுமார் 18 அடி. வாய் வைக்கும் இடத்தில் உட்துளை ஏறக்குறைய 8 மில்லிமீட்டர்தான். அங்கிருந்து விரிந்துகொண்டே போய் அகன்ற வாயில் முடிகிறது. வால்வுகள் இருக்கும் பகுதி மட்டும் விரியாது. சுருதி சேர்க்க உள்ளும் புறமும் இழுக்கும் கிளைக்குழாய்கள் ஒரே அளவாக இருந்தால்தானே நகரும்? அந்தப் பகுதியின் உள்விட்டம்தான் கடைக்காரர் பெருமைப்படும் 'துளை'. பொதுவாக 16 முதல் 21 மில்லிமீட்டர் வரை.

17-க்கும் 19-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். குறுக்குப் பரப்பைக் கணக்கிட்டால் 25 சதவீதம் அதிகம். எதிர்ப்புக் குறைந்து ஒலி அகலமாகிறது. ஆனால் ஊதுபவருக்குப் பிடிமானமும் குறைகிறது. மெல்லிய ஸ்வரத்தை நிறுத்திப் பிடிக்க உதடும் மூச்சும் கூடுதலாக உழைக்க வேண்டும். பிஸ்டன் பருத்துக் கனக்கிறது. ஒரு துளை விலகி இன்னொன்று நேராக வர, பிஸ்டன் துளையின் விட்டத்தைவிடச் சற்று அதிகமாகவே இறங்கியாக வேண்டும். விரலுக்குத் தூரம் கூடுகிறது. துரித காலத்தில் பிந்துகிறது. ஜெர்மன் பாணி சுழல் வால்வு கால் வட்டம் திரும்பினால் போதும். அதனால் அங்கே பெரிய துளை அத்தனை சிரமம் தருவதில்லை.

துளை மட்டுமே ஒலியைத் தீர்மானிப்பதில்லை என்பது நம் நாதஸ்வரக்காரர்களுக்குப் புதிதல்ல. திமிரியிலிருந்து பாரிக்கு மாறியவர்கள் குழலை மட்டுமா மாற்றினார்கள்? அதற்கேற்ற சீவாளியும் வேண்டும், ஊதும் முறையும் மாற வேண்டும். ட்யூபாவிலும் வாய்க்கிண்ணம், அதை அடுத்த குழாய் விரியும் வேகம், முன்வாயின் அகலம் எல்லாம் ஒத்துப் போனால்தான் ஒலி.

பெரிய துளையால் தீராத ஒரு கோளாறும் உண்டு: சுருதி. முதல் வால்வும் மூன்றாவது வால்வும் தனித்தனியே சரியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால், 18 அடி வாத்தியத்தில் தேவையான நீளத்துக்கு ஏறக்குறைய ஐந்து அங்குலம் குறையும். ஸ்வரம் ஏறிவிடும். இதற்கு நான்காவது வால்வு வேண்டும். அல்லது 1874-ல் இங்கிலாந்தில் பிளெய்க்லி கண்டுபிடித்த, தானே ஈடுகட்டும் வால்வு அமைப்பு வேண்டும். கையில் உள்ள பணத்துக்கு ஒன்றுதான் கிடைக்குமென்றால் நான் நான்காவது வால்வின் பக்கம்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைக்குக் காசு செலவில்லை. வால்வை அழுத்தாமல் அதன் கிளைக்குழாயைச் சிறிது வெளியே இழுங்கள். பிறகு வால்வை அழுத்துங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் பிஸ்டன் இறுக்கம். வராவிட்டால் காற்று ஒழுகுகிறது. அந்த வாத்தியத்தில் 19 என்ன, 21 மில்லிமீட்டர் இருந்தும் பயனில்லை. அடுத்து, அதைச் சுமந்தபடி கடை வாசலில் பத்து நிமிடம் நடந்து வாசித்துப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும் சிம்பொனிக்காரருக்குப் பொருந்துவது, பத்து கிலோவைத் தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் நடப்பவருக்குப் பொருந்த வேண்டும் என்று விதியில்லை.

மனிதனின் நுரையீரல் வயதோடு சுருங்குகிறது. வாத்தியத்தின் துளை சுருங்குவதில்லை. முப்பது வயதில் ஆசைப்பட்டு வாங்கியதை ஐம்பதிலும் ஊதித்தான் குடும்பம் நடக்க வேண்டும். எதிரே லாரி நிறைய ஒலிபெருக்கியோடு டி.ஜே. நிற்கிறது. அதன் சத்தத்தோடு எந்தத் துளையும் போட்டி போட முடியாது. ஆனால் சுருதி பிசகாமல், மூச்சு இரைக்காமல், கடைசிப் பாட்டு வரை தாங்குகிற ஒரு பாஸ் இருந்தால், அந்த பேண்டை அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள். கணபதிக்கே வயிறுதான் பெரிசு, வாகனம் மூஞ்சூறுதான்.