சமுத்திர யாத்திரையும் சான்றிதழும்

வீட்டில் எம்.ஏ. தேறிய பெண்ணோ பிள்ளையோ இருந்தால் இந்நாளில் ஒரு புதுப் பிரச்னை கிளம்புகிறது. தாய்லாந்துக் கடற்கரையிலோ ஸ்பெயின் தேசத்துப் பட்டணம் ஒன்றிலோ நான்கே வாரம் படித்தால், ஆங்கில உபாத்தியாயர் என்று சான்றிதழ் கொடுப்பார்களாம். அதைக் காட்டினால் உலகத்தின் எந்த மூலையிலும் உத்தியோகம் காத்திருக்குமாம். தகப்பனார் விளம்பரத்தைப் பார்க்கிறார். தாயார் பெட்டியிலுள்ள வளையல்களைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கிறாள். வளையல்கள் அடகுக் கடைக்குப் போவதற்கு முன் நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

நான்கு வாரத்தில் ஒருவர் ஆசிரியராகிறார் என்றால், இருபது வருஷமாகச் சாக்பீஸ் பிடித்துவரும் நமக்குச் சிரிப்பு வருவது இயற்கைதான். ஆனால் அந்தப் பயிற்சியின் பூர்வோத்தரத்தை விசாரித்தால் சிரிப்பு சற்று அடங்கும். ஜான் ஹேகிராப்ட் என்பவரும் அவருடைய மனைவி பிரிட்டாவும் 1953-ல் ஸ்பெயினில் கார்டோபா நகரில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பிறகு லண்டனுக்கு வந்து, 1962-ல் ஆசிரியர்களுக்கென்று ஒரு குறுகிய காலப் பயிற்சியை ஆரம்பித்தார்கள். அந்தப் பயிற்சிதான் பிற்பாடு ராயல் சொஸைட்டி ஆப் ஆர்ட்ஸ் என்ற சங்கத்தின் கைக்குப் போய், 1988-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் பரீட்சை இலாகாவை அடைந்தது. இப்போது அதற்குச் செல்ட்டா என்று பெயர்.

அதில் நடப்பது என்ன? குறைந்தது 120 மணி நேரப் படிப்பு. அதில் 6 மணி நேரம், ஆங்கிலம் கற்க வந்திருக்கும் நிஜமான மாணவர்களுக்கு முன்னால் நின்று பாடம் நடத்தியாக வேண்டும். பின் வரிசையில் சக மாணாக்கர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆசான் ஒரு மூலையில் குறிப்பெழுதிக்கொண்டிருப்பார். மணி அடித்ததும் உங்கள் குறைகளை உங்கள் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வார். அனுபவமுள்ளவர்கள் பாடம் நடத்துவதை இன்னொரு 6 மணி நேரம் கவனிக்க வேண்டும். நான்கு கட்டுரைகள் எழுத வேண்டும். கடைசியில் பெரிய பரீட்சை என்று ஒன்று கிடையாது. ஆனால் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பார்.

லண்டன் டிரினிட்டி கல்லூரியின் சான்றிதழும் இதற்குச் சமமானதே. அது குறைந்தது 130 மணி நேரம்; அதிலும் 6 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். அதில் நமக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பயிற்சிக்கு வந்தவர் தமக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாத பாஷை ஒன்றைச் சில மணி நேரம் மாணவராக உட்கார்ந்து கற்று, அந்த அநுபவத்தை எழுதித் தரவேண்டும். ஆங்கிலத்திலேயே ஊறிப்போனவருக்கு, ஒன்றும் புரியாமல் விழிக்கும் குழந்தையின் திகைப்பு அப்போதுதான் விளங்கும். நமது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் இந்த ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டாலும் போதும். எத்தனையோ பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நிற்கும் தண்டனையிலிருந்து தப்பியிருப்பார்கள்.

கடைத் தெருவில் வேறு சரக்கும் விற்கிறது. ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழ் என்ற பெயர் யாருடைய சொத்தும் அல்ல. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுக்கலாம். பெரிய சான்றிதழில் 120 மணி என்று இருப்பதைப் பார்த்து, வீட்டிலிருந்தபடியே படித்து முடிக்கும் மலிவுப் பாடங்களுக்கும் 120 மணி என்றே போட்டுவிடுகிறார்கள். மணிக் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். நிஜ மாணவர்களுக்கு எத்தனை மணி நேரம் பாடம் நடத்த விடுவீர்கள்? பக்கத்திலிருந்து பார்ப்பவர் யார்? வெளியார் யாராவது வந்து சோதிப்பார்களா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் இல்லாத இடம் ஏட்டுச் சுரைக்காய். சக மாணாக்கர்களே குழந்தைகள் மாதிரி நடித்துக் காட்டுவதை நிஜ வகுப்பு என்று நம்பிவிடக் கூடாது.

அப்படியானால் எந்த நாட்டுக்குப் போவது? லண்டனில் வாங்கினாலும் பாங்காக்கில் வாங்கினாலும் செல்ட்டா ஒன்றேதான். 2020 முதல் வீட்டிலிருந்தே இணையத்தின் வழியாக முழுதும் படித்து முடிக்கவும் இடம் இருக்கிறது. ஆகவே கப்பலோ விமானமோ ஏறுவதற்கு ஒரே நியாயமான காரணம், அந்த ஊரிலேயே வேலை தேடும் உத்தேசம் இருப்பதுதான். கடற்கரைக்காகப் போகிறவர்கள் கடலைப் பார்க்கப் போவதில்லை. மறுநாள் பாடத்தைத் தயாரிப்பதிலேயே ராத்திரி கழிந்துவிடும்.

விளம்பரங்கள் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. சான்றிதழ் கையில் இருந்தாலும், வாசலில் நிற்பவன் முதலில் கேட்பது பாஸ்போர்ட்டை. தென் கொரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆங்கில ஆசிரியருக்கான விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 தேசங்களின் பிரஜைகளுக்கே. 2010-ல் அமலுக்கு வந்த இந்திய-கொரிய உடன்படிக்கை நம்மவர்களுக்குத் துணையாசிரியர் என்ற சிறு கதவு ஒன்றைத் திறந்தது. ஆனால் அதற்குக் கேட்டது பட்டமும் ஆசிரியத் தகுதியுமே ஒழிய, நான்கு வாரச் சான்றிதழ் அல்ல. பிறந்த நாட்டைக் கொண்டு நாவின் தகுதியை அளக்கும் இந்த வழக்கம் நமக்குச் சற்றும் சம்மதமில்லை. ஆனால் நம் கோபத்தை நம்பி ஒரு பெண் தன் தாயாரின் வளையல்களைச் செலவழிக்க முடியாது. போக நினைக்கும் தேசத்தின் சட்டத்தை முதலில் படிப்பதே விவேகம்.

ஊர் திரும்பிப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்க எண்ணுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமது பள்ளிகளில் பி.எட். கேட்குமிடத்தில் இந்தச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. ஆங்கிலம் கற்பிக்கும் கலையே கடல் கடந்துதான் இருக்கிறது என்பதும் இல்லை. 1958-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய ஆங்கில நிலையம் இன்று ஒரு சர்வகலாசாலை. இலக்கணத்தை மனப்பாடம் செய்விப்பதை விட்டு, காரியங்களைச் செய்ய வைத்து அதன் மூலம் பாஷையைப் புகட்டும் முறையை, என்.எஸ். பிரபு என்ற அறிஞர் 1979 முதல் 1984 வரை பரீட்சித்துப் பார்த்தது பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில்தான். அந்த முறையைத்தான் இன்று சீமையிலும் ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இவ்வளவையும் யோசித்த பிறகும் போகத்தான் வேண்டும் என்று தீர்மானித்தவர்கள், விண்ணப்பம் போட்டதும் நடப்பதைக் கவனிக்கட்டும். நல்ல நிலையங்கள் முதலில் எழுத்து வேலை ஒன்று கொடுத்து, பிறகு நேரில் பேசிப் பார்த்துத்தான் சேர்த்துக்கொள்ளும். தகுதி போதாது என்று தோன்றினால் மறுத்தும் விடும். பணத்தைக் கேட்டு வேறொன்றும் கேளாதவர்களிடம் போகாமலிருப்பதே மேல். அந்தப் பேட்டியில் 'ஐ வென்ட்' என்பதற்கும் 'ஐ ஹாவ் கான்' என்பதற்கும் உள்ள பேதத்தைச் சூத்திரம் சொல்லாமல் உதாரணத்தால் விளக்கச் சொல்லுவார்கள். ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம் அநேகமாக நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். அதைத் தூசி தட்டி எடுத்து, அடுத்த வீட்டுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு உட்கார்த்தி, இன்றைக்கே விளக்கிப் பார்க்கலாம்.