பழைமையைக் காப்போம்; பழுதை அன்று

பழைய மகிழுந்துகளைப் பேணுவோர், 'மூலப் பொருள் எதையும் மாற்றலாகாது' என்பர். பிரேக் குழாய்களுக்கு அவ்விதி பொருந்தாது என்பதே என் கருத்து.

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை உருவான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் மகிழுந்தையே எடுத்துக்கொள்வோம். தொடக்ககால வண்டிகளில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே சுற்றுவழிதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களும் பிடிப்பை இழக்கும். சக்கரத்தருகே உள்ள இரப்பர்க் குழாய் முதுமையில் உட்புறம் வீங்கி அடைத்துக்கொள்வதும் உண்டு. வெளித்தோற்றம் அதைக் காட்டாது.

எஃகு இழை பின்னிய டெஃப்லான் குழாய் அழுத்தத்தில் எளிதில் உப்பாது. வண்டியின் அடியில் ஓடும் எஃகுக் குழாய்க்கு மாற்றான செம்பு-நிக்கல் குழாய் துருவேறாது. கழற்றியவற்றைப் பெட்டியில் பாதுகாக்கலாம், வரலாறு அழியாது.

பெற்றோரே, பிள்ளைகள் ஏறும் வண்டிக்குப் பிரேக் முதலில், வண்ணப்பூச்சு பிறகு.